எண் மாறிய முயல்கள்

தம்பியின் வாயிலிருந்து முயல் அறையின் வாடை வந்தது.

தன் மேலிருந்துதான் வருகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். நினைக்காமல் என்ன செய்வாள்? ஒன்பது வருடமாக அதே ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் அடித்தளத்தில் ஆராய்ச்சி முயல்களுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, எடை பார்த்து எழுதுகிறவள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் தலைமுடிக்குள் அந்த வாடை குடியிருக்கும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நைசாக எழுந்து போய் வேறு இடம் பார்ப்பார்கள். ஆனால் இது தினப்படி மூத்திர வாடை இல்லை. ஈரத்துணியில் சுற்றி மறந்துபோன பழத்தோல் போல இனிப்பாக, கொழகொழவென்று தொண்டைக்குள் இறங்குகிற வாடை. இதை அவள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் முகர்ந்திருக்கிறாள்.

"என்னக்கா, மூஞ்சியை அப்படி வச்சிருக்க?" என்றான் தம்பி.

மூன்றாம் மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான்கு மணி வெயில் போர்வைமேல் விழுந்திருந்தது. "முதுகு வலி சுத்தமா போயிடுச்சு. நீ சொன்ன மாதிரியே" என்று சிரித்தான்.

நீ சொன்ன மாதிரியே! அவளுக்குச் சுருக்கென்றது.

தம்பி பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் ஒன்றரை வருடமாக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய முனகுவான். புது வலி மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் பன்னிரண்டு பேர் தேவை என்று அறிவிப்பு ஒட்டியபோது, அவனை இழுத்துக்கொண்டு வந்ததே அவள்தான். கையெழுத்துப் போடப் போனவன் பேனாவோடு நின்றுவிட்டான். "இந்த மருந்தைத் தின்ன முயலுக்கு எதாவது ஆச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகலடா. நான்தானே பார்த்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

ஆகியிருந்தது. பன்னிரண்டில் மூன்றுக்கு. ஐந்தாம் நாள் அந்த இனிப்பு வாடை கிளம்பியது. ஆறாம் நாள் காலையில் அவள் விளக்கைப் போட்டபோது, வைத்த தீனி வைத்தபடி இருக்க, மூன்றும் மூலையில் குந்தித் தங்கள் முன்னங்கால்களைத் தின்றுகொண்டிருந்தன. கத்தவில்லை, துடிக்கவில்லை. கேரட்டைக் கடிப்பது போல நிதானமாக, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மொறுமொறுவென்று. ஒன்று அவளை நிமிர்ந்துகூடப் பார்த்தது, மெல்வதை நிறுத்தாமல். சீ! காலையில் குடித்த காப்பி முழுவதையும் அவள் தொட்டியில் கக்கினாள்.

பெரிய டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கூண்டுக்குள்ளயே கிடந்தா சிலதுக்கு இப்படிப் புத்தி பிசகும். மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வேற மூணை எடுத்துக்குங்க" என்றார். காதில் குத்தியிருந்த எண் தகடுகளைக் கழற்றி, புதிய முயல்களின் காதில் மாட்டியது அவள் கை. தினசரித் தாளில் இருந்தது வலி, பசி, எடை என்று மூன்றே கட்டங்கள். மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டதும் அவள் கைதான். பன்னிரண்டு எண்ணும் நலம். டாக்டர் சொன்னதை அவள் நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

"மருந்து ஆரம்பிச்சு எத்தனை நாள்டா ஆச்சு?"

"இன்னையோட அஞ்சு."

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் சொன்னால் தகடு மாற்றிய கதை வெளியே வரும், வேலை போகும், போலீஸ் வரும். ஒருவேளை வெறும் வாய் நாற்றமாகக்கூட இருக்கலாம், ஒரு நாள் பார்ப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சோற்றில் கை வைத்தாள், தன் விரல்களைப் பார்த்தாள், தட்டைத் தள்ளி வைத்தாள். கூடப்பிறந்தவனை அங்கே விட்டுவிட்டு வந்தாயே, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று பாத்திரம் கழுவும்போது வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் பெரிய டாக்டர் மூன்றரை மணி வரை கூட்டத்தில் இருந்தார். அவள் கதவருகே காலையிலிருந்து காத்து நின்றாள். உள்ளே விட்டபோது அவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். நனைந்த துணுக்கு மீசையில் ஒட்டியிருந்தது.

"டாக்டர், அதே வாடை. என் தம்பிகிட்ட வருது. மருந்தை நிறுத்திடுங்க."

"தகட்டை மாத்தினது யாரு?"

"நான்தான். நீங்க சொல்லித்தானே..."

"தாள்ல யாரு கையெழுத்து?"

அவள் தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அது முயல்மா. மனுஷனுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கு. தன் கையைத் தானே தின்பானா?" அவர் மீசைத் துணுக்கை நாக்கால் எடுத்து விழுங்கினார். "போங்க, போய் முகம் கழுவுங்க."

அவள் படியேறி ஓடினாள். இரண்டாம் மாடி வளைவிலேயே வாடை எதிரே வந்தது, சேலைத் தலைப்பைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, நாக்கில் ருசியாகவே படிந்தது. வார்டு வாசலில் சிஸ்டர் மாஸ்க்கோடு வெளியே வந்தாள். கையில் தாள் கட்டு. தள்ளுவண்டியில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகள், பன்னிரண்டும் தொடப்படாமல்.

"யாருக்கும் சாப்பாடு வேண்டாமாம்" என்றாள் சிஸ்டர். "ஆனா இவ்வளவு சமத்தான வார்டை நான் பார்த்ததே இல்லக்கா. யாருக்கும் ஒரு வலி இல்ல, சத்தம் இல்ல. எல்லாரும் போர்வையை இழுத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க."

வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தாழ்வாரத்தின் கோடிக்குப் போனது.

அவள் உள்ளே போனாள்.

பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு போர்வை. சில அசைந்தன, லேசாக. சத்தம் இல்லை என்றாளே சிஸ்டர். இருந்தது. மிக மெல்லிய சத்தம். நிதானமான சத்தம்.

தம்பியின் போர்வை மூக்கு வரை ஏறியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. அழுதிருந்தான்.

"திட்டாதக்கா."

"கையைக் காட்டு."

"நிறுத்தத்தான் பார்க்கறேன். முடியல."

"காட்டுடா!"

"வலிக்கவே இல்லக்கா. சத்தியமா."

இழுத்தாள்.

இடது கை. சுண்டு விரல் இல்லை. மோதிர விரல் இருந்தது, எலும்பாக. வெள்ளையாக. ரத்தக் கறை ஒரு பொட்டு இல்லை, அத்தனை சுத்தமாக நக்கியிருந்தான். வலது கையின் கட்டைவிரல் அடியில் பல் பதிந்த புதுக் குழி. அவன் கன்னம் உப்பியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாடை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினாள். கோடியில் சக்கரம் கிறீச்சிட்டது. யாரும் திரும்பவில்லை.

அவன் கை மறுபடி வாய்க்கு எழும்பியது. அவள் பாய்ந்து பிடித்தாள். இரண்டு மணிக்கட்டையும், இரண்டு கையாலும், கட்டிலோடு சேர்த்து அழுத்தினாள். அவன் திமிறவில்லை. விழுங்கினான்.

"நான்தான்டா. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள்.

"விட்டுடுக்கா."

"விட மாட்டேன்."

"விட்டுடு. பக்கத்துல எது இருந்தாலும் வாய் போகுது."

அவள் பிடியை இறுக்கினாள். அவன் அழுதுகொண்டே குனிந்தான். வெதுவெதுப்பான, இனிப்பான மூச்சு அவள் விரல் முட்டியில் பட்டது. பிறகு உதடு. பிறகு பல்.

அவள் விடவில்லை.