கம்பி தாண்டியவர்கள்

அன்றைக்குச் சப்வேயில் மூத்திர நாற்றம் இல்லை.

நான்காவது படியிலேயே செல்லம்மாள் அதைக் கவனித்தாள். திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் வாரத்திலேயே உள்ளிருந்த டியூப்லைட்டுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து மூலைகளில் ஆண்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டு இறங்குவதுதான் அவள் வழக்கம். இன்று முந்தானை பாதியில் நின்றது. கீழிருந்து வந்தது ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி மட்டும்தான். அதனோடு, உப்புப் பாத்தியில் கடைசித் தண்ணீர் வற்றும்போது எழுமே, நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கசப்பு, அந்த வாடை.

உப்பளம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு பக்கம். மரக்காணத்து வீடுகள் மறுபக்கம். விடியுமுன் வேலைக்குப் போகவும், உச்சி வெயிலில் திரும்பவும் சாலையைக் கடந்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சோறு எடுத்துவந்த மகள் பூவிழியை ஒரு கார் அங்கேதான் தூக்கி எறிந்தது. பதினாறு வயது. மகளின் உடலைச் சாலையில் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, ஆபத்தில்லாமல் கடக்க வழி செய்வதாகச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள் செல்லம்மாள். அப்படி வந்தது சாலைக்கு அடியில் இந்தச் சப்வே. ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். மறுநாளே சாலையோரக் கம்பித் தடுப்பைத் தாண்டி எல்லோரும் பழையபடி குறுக்கே ஓடினார்கள்.

"இருவத்தெட்டு படி எறங்கி இருவத்தெட்டு படி ஏறணும்க்கா," என்றாள் கூடவே உப்பு சுமக்கும் சவரியம்மாள். "முட்டி இன்னாத்துக்கு ஆவும்? ரெண்டு எட்டு வெச்சா அந்தப் பக்கம்."

"என் புள்ள செத்துதான்டி இது வந்துது! எறங்க உங்களுக்குக் காலு கூசுதா?"

தினமும் இதே சண்டை. உப்பள மேஸ்திரி ராஜாங்கம் சிரிப்பார். ஒரு காலைத் தூக்கிக் கம்பியின்மேல் போடுவார். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவரும் மகள் நிவேதா, பூவிழியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், தலையைக் குனிந்துகொண்டு அவளும் தாண்டுவாள். செல்லம்மாள் மட்டும் இறங்குவாள்.

அன்று மதியம், வெள்ளை உப்பைக் காலையிலிருந்து பார்த்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பச்சைப் பச்சையாக வட்டங்கள் மிதந்தன. தலைக்கு மேலே லாரி ஒன்று போக, கூரை அதிர்ந்து அடங்கியது. அப்புறம்தான் கேட்டது. பின்னால் ஈரமான வெறுங்கால்கள், நிதானமாக, உப்புக்கல் நொறுங்குவதுபோல நறநறவென்று நடந்துவந்தன. அவள் நின்றாள். அவை இரண்டு அடி தள்ளி நின்றன.

"எவன்டா அவன்? பொம்பள தனியா வந்தா வெளயாட்டா?"

பயத்தைவிடக் கோபம்தான் அவளைத் திருப்பியது. யாரும் இல்லை. தரையில் மட்டும் தடங்கள், ஈரம் காய்ந்து வெள்ளை பூத்த தடங்கள், சுவரோரமாக ஊர்ப்பக்கப் படிவரை போயிருந்தன. முதல் படியில் ஒரு தடம்கூட இல்லை.

புதன்கிழமை காலை டீக்கடைக் கலியன் செத்தார். பால் வாங்கக் கம்பியைத் தாண்டியவரை மீன் வண்டி ஒன்று அடித்துவிட்டது. வாதத்தால் இடது காலை இழுத்து இழுத்து நடப்பவர். அந்தக் காலோடும் ஒருநாள்கூடச் சப்வேயில் இறங்கியதில்லை. வியாழக்கிழமை மதியம் செல்லம்மாள் இறங்கியபோது தடங்கள் கூடியிருந்தன. அவற்றுக்கு நடுவே வலது பாதம் ஒன்று. அதன் பக்கத்தில் நீளமாக இழுத்த ஒரு வெள்ளைக் கோடு. மறுபடி ஒரு பாதம். மறுபடி ஒரு கோடு.

அவள் வாயில் வந்தது வசவுதான்.

"உசுரோட இருந்தப்ப எத்தினி வாட்டி கூப்புட்டேன் கலியண்ணே! அப்ப எறங்காத காலு இப்ப எதுக்குய்யா எறங்குது?"

இருட்டில் எங்கோ, ஒரு கால் இழுபடும் ஓசை அவளை நோக்கித் திரும்பியது. செல்லம்மாள் ஓடினாள்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. கலியன் அங்கே இருக்கிறார் என்றால் பூவிழியும் இருப்பாள். இந்த எண்ணம் வந்ததும் பயம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

சனிக்கிழமை வேலை முடிந்து கம்பித் தடுப்பருகே வந்ததும் சவரியம்மாளின் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு நீ எங்கூட வர்ற. கலியண்ணன் உள்ளதான் இருக்காரு. மேல செத்தவங்கல்லாம் உள்ளதான் நடக்கறாங்க. வந்து உன் கண்ணால பாரு."

"வெயிலு தலைக்கு ஏறிடுச்சாக்கா உனக்கு?"

"வாடி!"

சவரியம்மாள் கையை உதறினாள். முகம் சிவந்துபோயிருந்தது. "உன் புள்ளைக்காக ஊரே எத்தினி நாளு அழுவுறது? அவ போய்ட்டா. எங்கள விடுக்கா!"

செல்லம்மாளுக்குக் காதுக்குள் இரைந்தது. "போடி. போய் அடிபட்டுச் சாவு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். நெஞ்சு கொதித்தது. உள்ளே அதே கசப்பு வாடை, அதே குளிர். கண் தெரியாத இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தொட்டபடி நடந்தாள். சுவர் ஈரமாக, பொருக்குப் பொருக்காக உப்புப் படிந்து, விரலில் உதிர்ந்தது. "பூவிழி," என்று கூப்பிட்டாள். சத்தம் நீளமாகப் போய், திரும்பி வரவில்லை.

நடுவழியில், பின்னால் காலடிகள்.

"நில்லுக்கா. நானும் வர்றேன்."

சவரியம்மாளின் குரல். செல்லம்மாளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கடைசியில் ஒருத்தியாவது வந்தாள்! இருட்டில் ஒரு கை அவள் கைக்குள் நுழைந்தது. பாத்தித் தண்ணீரில் வெடித்துக் காய்ப்பேறிய கை. அவளுக்குப் பழக்கமான கைதான்.

"வாயில வந்தத சொல்லிட்டேன்டி. மனசுல வெச்சிக்காத."

கை சில்லென்று இருந்தது. ஈரமாக இருந்தது.

"இன்னாடி இப்படி நனைஞ்சிருக்க?"

அப்போது மேலே பிரேக் கிறீச்சிட்டது. நீளமாக. கூரை ஒருமுறை அதிர்ந்தது. சிமெண்ட் தூள் அவள் முகத்தில் கொட்டியது. பிறகு ஒரு பெண்ணின் அலறல்.

"ஐயோ, சவரியம்மாள அடிச்சிட்டான்!"

செல்லம்மாள் நின்றாள்.

கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. இறுக்கியது.

இப்போதுதான் அடித்திருக்கிறது. இது அதற்கு முன்பே வந்துவிட்டது. அவள் திரும்பவில்லை. மூச்சுவிடவில்லை. இழுத்தாள். கை விடவில்லை. இன்னும் இழுத்தாள். தோல் வழுக்கியது. விடுபட்டது.

ஓடினாள். முதல் படி. முழங்கால் மோதியது. கையை ஊன்றி ஏறினாள். நான்கு காலில். வெயில். வெளிச்சம். மேல்படி.

சாலையில் ஒரு வேன் குறுக்காக நின்றது. அதன் முன்னால் சவரியம்மாளின் கூடை உருண்டு கிடந்தது. கூடைக்கு அப்பால் அவள். உப்பளப் பக்கத்திலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கீழிருந்து குரல் வந்தது. கோபமோ வலியோ இல்லாத குரல். வழி கேட்கும் குரல்.

"படி எங்கக்கா?"

செல்லம்மாள் குனிந்து பார்த்தாள்.

வெயில் கடைசிப் படிவரை விழுந்திருந்தது. அதன் விளிம்பில் சவரியம்மாள் நின்று, எதிரே இருக்கும் படியைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். கால் ஒவ்வொரு தடவையும் வெறும் தரையிலேயே பட்டது. அவளுக்குப் பின்னால் கலியன். அவருக்குப் பின்னால், நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, மேஸ்திரி ராஜாங்கம். அவர் தோளைப் பிடித்தபடி நிவேதா. அவர்களுக்குப் பின்னால் இன்னும் தலைகள், இருட்டு முடியும்வரை, அத்தனையும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். எல்லாம் மேலே பார்த்தன.

"ஏம்மா செல்லம்மா! இன்னா ஆச்சு?"

குரல் சாலையின் உப்பளப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். கொளுத்தும் வெயிலில், காய்ந்த சட்டையோடு, ராஜாங்கம் கம்பியின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தார். நிவேதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டத் தயாராக நின்றாள்.