பெப்பருக்கு வைத்த சோறு

நாய் பெப்பரின் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. ஜாபஸ் அதை எடுத்து முகர்ந்து பார்த்தான். தயிர். வீட்டில் தயிர் வாங்கி நான்கு மாதமாகிறது. மனைவி ஹெலினாவை அடக்கம் செய்த வாரத்திலிருந்து அவன் தனக்கென்று சமைப்பதையே விட்டுவிட்டான். பசித்தால் பன்.

மண்ணூர்பேட்டை நாய் டாக்டர் சுப்பராயன் முதல் நாளே படம் வரைந்து காட்டியிருந்தார். குடலின் உள்சுவரில் நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் நிற்கும். கிருமி எது, சாப்பாடு எது என்று பிரித்துப் பார்க்கும். பெப்பருக்கு அந்த அடையாளம் குழம்பிவிட்டது. தயிர் உள்ளே போனால் எதிரி வந்ததாக நினைத்து அவை திரண்டு, இருக்கிற குடலையே புண்ணாக்கிவிடுகின்றன. இதுவரை தின்றறியாததால் அந்தச் செல்கள் எதிரியாக நினைக்காத முயல்கறியைத் தவிர வேறெதுவும் கூடாது.

இன்று எடை பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினெட்டு கிலோ இருந்தது, பதினொண்ணாயிடுச்சு. யாரோ தயிர் குடுக்குறாங்க தம்பி. அந்த செல்லுங்களுக்கு மறதியே கெடையாது, ஒரு வாய் போதும். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா தாங்காது."

ஹெலினா வளர்த்ததில் உயிரோடு மிஞ்சியது பெப்பர் மட்டும்தான்.

வீட்டு வேலைக்கு வரும் பொன்னியம்மாவைக் கேட்டான்.

"நானா? உன் ஊட்டு நாயி என் கையால தண்ணிகூடக் குடிக்காது நைனா. எந்நேரமும் பெட்ரூம் மூலைய பாத்து வால ஆட்டிகினு கீது. எனக்கே ஒரு மாரி கீது, போ."

இருந்தும் அவளிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் லீவு போட்டு ஹாலில் உட்கார்ந்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடியும் சங்கு ஊதி அடங்கி, மேல்வீட்டு மிக்சியும் ஓய்ந்து, மின்விசிறியின் கிறீச்சொலி மட்டும் மிஞ்சிய அந்த மாலைப் புழுக்கத்தில், எவர்சில்வர் கிண்ணத்தில் விரல்கள் சோற்றைப் பிசையும் சத்தமும், கிண்ண விளிம்பில் ஒரு வளையல் மெல்ல இடிக்கும் சத்தமும், புளித்த தயிரின் வாசனையோடு பெட்ரூமிலிருந்து வந்தன.

அவனுக்குத் தெரிந்த சத்தம். குட்டியாக இருந்ததிலிருந்து பெப்பருக்கு வயிறு சரியில்லையென்றால் ஹெலினா தயிர்ச்சோறுதான் பிசைவாள். குளிர்ச்சி, வயிற்றை ஆற்றும் என்பாள். வயிற்றுப்போக்கு கூடினால் இன்னொரு உருண்டை. அவனும் தலையாட்டியிருக்கிறான்.

இப்போது பெப்பர் எலும்பும் தோலுமாகிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துப் பார்த்து ஊட்டுகிறாள்.

கதவைத் தள்ளினான். மூலையில் யாருமில்லை. பெப்பர் முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்து, காற்றிலிருந்து எதையோ வாங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. வால் ஆடியது.

சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நாய் செத்துவிடும்.

"ஹெலி."

மூலையை நோக்கி ஓரடி வைத்தான். மறுபடி கூப்பிட்டான்.

"ஹெலி, வேணாம்மா. நீ ஊட்டுறதுதான் அதைக் கொல்லுது."

பிசையும் சத்தம் நின்றது.

பெப்பரின் வால் இறங்கியது. தள்ளாடி வந்து அவன் கால்களுக்குப் பின்னால் ஒடுங்கிப் படுத்தது. நடுங்கியது.

வளையல் சத்தம். மூலையில் அல்ல.

பக்கத்தில்.

அவன் உதட்டில் ஈரமாக ஏதோ பட்டது. சில்லென்று. தயிர். அதனடியில் கல்லறை மண்ணின் வாடை.

வாயைத் திறந்தான்.

பல்லில் மண் நெருடியது. விழுங்கினான்.

அடுத்த உருண்டை உதட்டருகே வந்து காத்திருந்தது.