சின்ன ர, பெரிய ற

கண் மருத்துவமனையில் அவனுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவன் செய்தித்தாளை மூக்குவரை கொண்டுவந்தான்... பிறகு கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தான். எப்படிப் பிடித்தாலும் எழுத்துகள் கலங்கியே தெரிந்தன. கடைசியில் பக்கத்து நாற்காலியில் தெரிந்த நீல நிற உருவத்தின் பக்கம் திரும்பினான்.

"தப்பா நினைக்காதீங்க... இந்தக் குறுக்கெழுத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா? விடையை நான் சொல்றேன். நீங்க கட்டத்துல எழுதினா போதும்."

நீல உருவம் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கியது. காரணம் இருந்தது. அந்தக் குறுக்கெழுத்தை அமைத்தவளே அவள்தான்.

'முதலை' என்ற புனைபெயரில் அந்த நாளிதழுக்கு வாரந்தோறும் புதிர் தருகிறவள். முதலை என்றால் ஓய்வுபெற்ற, முன்கோபக்கார ஆண் ஒருவர் என்றே வாசகர்கள் நினைத்திருந்தார்கள். அவளும் அதைத் திருத்தப் போகவில்லை. அன்று அத்தையைக் கண் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தாள். அத்தை உள்ளே... வெளியே மழை... கையில் வேலை எதுவும் இல்லை. தன் புதிரை முன்பின் தெரியாத ஒருவன் அவிழ்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"'குழந்தையின் பேச்சு நடு எழுத்தை விழுங்கினால் ஏற வேண்டியிருக்கும்.' ரெண்டெழுத்து."

"மழலை... நடுவுல ழ போனா மலை." சிரித்தான். "முதலை இன்னைக்கு நல்ல மூடுல இருக்கார் போல."

மருந்தில் விரிந்த கருமணிகள் அவன் கண் முழுவதையும் நிறைத்திருந்தன. மழை வரப்போகும் சாயங்காலத்துக் குளம்போல... கறுப்பாக, அசையாமல். அந்தக் கண்களுக்கு அவள் முகம் தெரியாது. அதனாலேயே கூச்சமில்லாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் அவசரமாக அடுத்த குறிப்புக்குப் போனாள்.

"'வீட்டுக்குள் இருக்கும், கன்னத்திலும் விழும்.' மேலிருந்து கீழ்."

"அறை."

"அதோட றை-யில முடியறது... 'சர்க்கரையின் வால் சட்டையில் பட்டால் எளிதில் போகாது.'"

"கறை," என்றவன் சட்டென்று நிறுத்தினான். நெற்றியைச் சுருக்கினான். "இருங்க... சர்க்கரைக்கு எந்த ர?"

"சின்ன ர."

"சட்டையில படறதுக்கு?"

அவள் பேனாவைக் கட்டத்தின் மேலேயே நிறுத்தினாள். சட்டையில் படுவதற்குப் பெரிய ற. சர்க்கரையின் வாலை வெட்டினால் ஆற்றங்கரைதான் வரும், அழுக்குக் கறை வராது. அத்தையின் மருந்துச் சீட்டோடு அலைந்த வாரத்தில் அமைத்த புதிர் அது. அவளும் பார்க்கவில்லை... பிழை திருத்துகிறவரும் பார்க்கவில்லை. கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவன் காதாலேயே பிடித்துவிட்டான்.

"சின்ன விஷயம்தானே," என்றாள், குரலை அலட்சியமாக வைத்துக்கொண்டு.

"புதிர்ல எழுத்துதாங்க எல்லாமே. நான் இணையத்துல இதையெல்லாம் விமர்சனம் பண்றவன். ரப்பர்னு பேரு... நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

கேள்விப்படாமலா? வாரா வாரம் முதலில் அவள் தேடிப் படிப்பதே ரப்பரின் பக்கத்தைத்தான். பாராட்டுவதில் மகா கருமி. அதனாலேயே அவன் பாராட்டு இனிக்கும். அதற்குள் அத்தை சுவரைப் பிடித்தபடி வெளியே வந்துவிட, அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமலே கிளம்பினாள்.

மறுநாள் விமர்சனம் வந்தது. பிழையை நியாயமாகத்தான் விளக்கியிருந்தான். கடைசி வரிதான் தைத்தது... 'முதலைக்குப் பல் விழத் தொடங்கிவிட்டது.'

அந்த வரி ஆசிரியர் கண்ணிலும் பட்டது. கணினியே புதிர் தயாரித்துத் தருகிறதாம், அதில் இப்படிப்பட்ட தொல்லை இல்லையாம். கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அவர் இழுத்த இழுப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் பொரிந்து தள்ளினாள். தப்பு உன்னுடையதா, அவனுடையதா என்று அத்தை ஒரே கேள்விதான் கேட்டாள்.

அத்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி மருத்துவமனைக்குப் போன அன்று, மூக்குக் கண்ணாடியோடு அவன் எதிரே வந்தான். அவளை அவன் அடையாளம் கண்டது முகத்தைப் பார்த்து அல்ல... அவள் வரவேற்பு மேசையில் பேசிய குரலைக் கேட்டு.

"அன்னைக்கு நீலமா தெரிஞ்சவங்க நீங்கதானே?"

முகம் மலர நின்றவனைப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"நான்தான். முதலையும் நான்தான். பல்லை எண்ணிப் பார்த்துக்கறீங்களா?"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. ர தப்புதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்றான். பல் என்று எழுதியது மட்டும் திமிர், அதை எடுத்துவிடுகிறேன் என்றான்.

"எடுக்காதீங்க. எடுத்தா எனக்கு இன்னும் அசிங்கம்."

அப்படியானால் இனிப் புதிரை அச்சுக்கு முன்னாலேயே தன்னிடம் காட்டலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தேவையில்லை என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட அத்தை குறுக்கே புகுந்தாள்.

"காட்டுவா, தம்பி. வீம்பு ரெண்டு நாள்ல இறங்கிடும்."

இறங்க ஒரு வாரம் ஆயிற்று. நாளிதழ் அலுவலகத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். அவன் குறிப்புகளை இரக்கமில்லாமல் அடித்தான்... அவள் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டாள்... தேநீர் ஆறியது. புதிர்கள் மெருகேறின. வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். ஆசிரியர் கணினியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஆனால் ரப்பரின் பக்கத்தில் மட்டும் முதலையின் பெயரே வரவில்லை. மற்ற இதழ்களின் புதிர்களையெல்லாம் அலசிக் காயப்போட்டவன், இவளை மட்டும் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள்... இன்னும் சில வாரம் பொறுத்தாள். ஒரு மாலை, தேநீர்க் கடையை மூடிவிட்டதால் அலுவலக வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"முன்னாடி திட்டவாவது திட்டினீங்க. இப்ப என் பேரே இல்லை. அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"நல்லா இருக்கு. இந்த வாரத்தது ரொம்பவே நல்லா இருக்கு."

"அதை எழுதறதுக்கு என்ன?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மழைத்துளியைத் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எழுத உட்கார்ந்தேன்... வரலை. புதிரைப் பத்தி ஆரம்பிக்கறேன், உங்களைப் பத்திப் போயிடுது. நான் கோர்ட்டுல மொழிபெயர்க்கிறவன். நமக்கு வேண்டியவங்க வழக்கு வந்தா நாங்க விலகிக்கணும். அதான்... விலகிட்டேன்."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று அவளுக்கே சந்தேகம். ஒவ்வொரு சொல்லையும் ஒளித்துவைத்துப் பழகியவள் அவள். இன்றைக்கு ஒளிவுமறைவு வேண்டாம் என்று இருந்தது.

"நேராச் சொல்லுங்க."

"உங்களைப் பிடிச்சிருக்கு. புதிர் இல்லாத நாள்லயும் உங்களைப் பார்க்கணும்போல இருக்கு."

அவள் தெருவைப் பார்த்தாள். காது சுட்டது.

"எனக்கும்தான்," என்றாள் மெதுவாக. "ஆனா விமர்சனத்தை நிறுத்தக் கூடாது. தப்பு இருந்தா எழுதணும்."

"கோபப்படுவீங்க."

"படுவேன். வீட்டுக்கு வந்து சமாதானம் பண்ணுங்க."

அவன் சிரித்தான். மழை விட்டதும் கிளம்பலாம் என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். மழை விட்டது... அதன் பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.