கொட்டகையில் எழுந்த குரல்

"ஏனுங்க, பாக்க வந்தவங்க முன்வாசல்ல போங்க..."

சேலம் நகரின் நடுவில் இருந்த அந்தப் பழைய நாடகக் கொட்டகையின் பின்வாசலில் வழிமறித்து நின்றான் இளங்கோ. மழையில் நனைந்து வந்த கோகிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பாக்க வரலீங்க. நடிக்க வந்திருக்கேன்!"

அந்தக் கண்கள்... இமையோரம் மழைத்துளி, உள்ளே நெருப்பு. இளங்கோ வழிவிட மறந்தான்.

"கொஞ்சம் நகந்தீங்கன்னா உள்ள போவேனுங்க..."

கொல்லிமலை மேலிருக்கும் பைல் நாடு என்ற ஊர்ப் பெண் அவள். கல்லூரி நாடகத்தில் அரசி வேடம். எத்தனையோ பெரிய நடிகர்கள் நின்ற மேடை... கால் வைத்ததும் உடல் சிலிர்த்தது. இளங்கோவோ மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்காரன். கொட்டகையில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவன் பொறுப்பு.

அரசி சபையில் நீதி கேட்கும் கட்டம். திடீரென மைக் நின்றுபோனது. "சத்தம் வரலே!" என்று பின்வரிசையில் கூச்சல். இளங்கோ வயர்களோடு போராடினான். ஐயோ, அவளை இப்படிக் கைவிட்டுவிட்டேனே...

கோகிலா ஒரு கணம்தான் தயங்கினாள். மலையில் இந்தச் சரிவில் நின்றபடி எதிர்ச்சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. மூச்சை இழுத்தாள். முழங்கினாள்! கடைசி வரிசைவரை கொட்டகை அடங்கிப்போனது. திரை விழுந்ததும் எழுந்த கைதட்டலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

"மன்னிச்சிருங்க..." என்று வந்து நின்றான் இளங்கோ.

"எதுக்குங்க? மைக் இருந்திருந்தா என் குரல் எனக்கே தெரிஞ்சிருக்காது." சிரித்தாள். அவன் தொலைந்தே போனான்.

போனில் பேச்சு வளர்ந்தது. ஆசையும் வளர்ந்தது. ஆனால் அவளுடைய அப்பா ராசு ஒரே பிடியாக நின்றார். மலைக்குக் கீழே, கீழ்நாட்டுச் சம்பந்தம் வேண்டாம், ஊர் பேசும்படி நாடகமும் வேண்டாம்.

ஒரு சந்தை நாளில் இளங்கோ பஸ் ஏறி மலைமேல் செம்மேட்டுச் சந்தைக்கே வந்துவிட்டான். மகளோடு மிளகு விற்றுக்கொண்டிருந்த ராசுவிடம் நேராகவே பெண் கேட்டான்.

ராசு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டிக்கிட்டா இவள நாடகத்துக்கு அனுப்புவீங்களா தம்பி?"

"நான் யாருங்க அனுப்ப? போறதும் போகாததும் அவங்க இஷ்டமுங்க."

ராசு கையிலிருந்த மிளகைச் சாக்கில் போட்டார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"நீ என்ன சாமி சொல்றே?"

சந்தையே பார்த்தது. கோகிலாவின் முகம் சிவந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"நடிப்பேன்ப்பா. இவரையுந்தான் கட்டிக்குவேன். எனக்கு இவர அத்தன புடிச்சிருக்கு!"

ராசு மிளகுச் சாக்கைக் கட்டித் தோளில் தூக்கினார்.

"எம்புள்ள மனச மதிக்கறவரு நீங்க. அப்பறம் என்னங்க மாப்ளே, நின்னுட்டே இருக்கீங்க? ஊட்டுக்கு வாங்க... சாப்பிட்டுட்டே பேசலாம்!"