பிந்தி வந்தவள்

மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவள் செருப்பைக் கழற்றப் போய் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் அவளுடைய செருப்பு ஏற்கெனவே கிடந்தது. அதே நீல வார், வலது குதிகாலில் அதே தேய்மானம், தம்பி பேனாவால் கிறுக்கிவைத்த அதே மீசை. குனிந்து தன் காலைப் பார்த்தாள். காலிலும் அதே செருப்பு. அதே மீசை.

அந்த வாண்டின் வேலையாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மணியை அழுத்தினாள். போன் வேறு செத்துப்போயிருந்தது, அம்மா இன்றைக்கு உரித்தெடுக்கப் போகிறாள். நடைபாதையின் குழல்விளக்கு ஈ மாதிரி ரீங்கரித்து அணைந்து அணைந்து எரிய, பினாயில் வாடை மூக்கில் ஏற, கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அறையில் கம்ப்யூட்டர்கள் எப்போதும்போல உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தன.

"நான் பாக்கறேம்மா."

உள்ளே கேட்டது அவளுடைய குரலேதான்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. கொஞ்ச நேரம் இருண்டே இருந்தது. பிறகு வெளிச்சம் திரும்பியது.

"யாருடி?" அம்மா.

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்க."

"அம்மா! நான்தாம்மா!" கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "கதவைத் திற! உள்ள இருக்கறது யாரு?"

"பங்குச் சந்தை நடக்கற நேரத்துல என்ன ரகளை?" அப்பாவின் குரல் நெருங்கி வந்தது. "யாரும்மா நீ? எங்க பொண்ணு அப்பவே வந்தாச்சு."

"ஆமாங்க," என்றாள் அம்மா. "இவ எங்கே, எங்கேன்னு நான்தான் வீடு முழுக்கக் கத்திட்டு இருந்தேன். இங்கதாம்மா இருக்கேன்னு ரூம்லேர்ந்து வந்தா. எப்ப உள்ள வந்தான்னுகூட நான் பாக்கல."

நேற்றுச் சாப்பிடும்போது அப்பா தன் வேலையைப் பற்றி அளந்தது அவளுக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. பங்குச் சந்தையில் ஒரு விலை மாறினால் போதும், அதற்கு ஒரு எண் போட்டு, ஊரெல்லாம் இருக்கும் ஆயிரம் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுவார்களாம்.

"வந்து சேந்துச்சான்னு ஒவ்வொருத்தரையும் கேப்பீங்களாப்பா?" என்று தம்பி கேட்டான்.

"கேட்டா விடிஞ்சிடும்டா. கிடைச்சவன் பேசாம இருப்பான். நடுவுல ஒரு எண் விட்டுப்போனவன் மட்டும் 'எங்கே, எங்கே'ன்னு கத்துவான். பக்கத்துல எவன்கிட்ட இருக்கோ அவன் ஒரு நகல் குடுத்துடுவான். சில சமயம் ரெண்டு மூணு பேர் போட்டி போட்டுக் குடுப்பாங்க."

"அப்புறம் அசலே வந்து நின்னா?"

"முதல்ல வந்ததுதான் கணக்கு. பிந்தி வந்தது அசலோ நகலோ, பெட்டி அதைத் தூக்கிக் கடாசிடும்."

"பாவம்ப்பா," என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது கதவின் அடியில், வெளிச்சக் கோட்டில், இரண்டு சின்னப் பாதங்களின் நிழல் தெரிந்தது. அவள் தரையில் மண்டியிட்டு வாயை இடுக்கோடு ஒட்டினாள்.

"வாண்டு. நான் அக்காடா. நீ அப்பா கீபோர்டுல ஜூஸைக் கொட்டினேல்ல? நான் கொட்டினேன்னு சொல்லித் திட்டு வாங்கினேனே. அது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

நிழல் உள்பக்கமாகத் திரும்பியது.

"அக்கா," என்றான் தம்பி. உள்ளே பார்த்துக் கேட்டான். "அது எப்படி வெளில இருக்கறவங்களுக்குத் தெரியும்?"

"என்ன ஜூஸ்னு கேளேன்," என்றது அவள் குரல். சிரித்துக்கொண்டே.

வாயைத் திறந்தாள். நினைவில் அந்த மேஜை தெரிந்தது. கவிழ்ந்த டம்ளர் தெரிந்தது. வழிந்து ஓடியது தெரிந்தது. நிறம் தெரியவில்லை. வாசனை இல்லை.

"திராட்சைடா," என்றது உள்ளே. "உன் சட்டையில இன்னும் கறை இருக்கே."

"ஆமா." தம்பியின் குரலில் நிம்மதி. நிழல் விலகியது. தாழ்ப்பாள் விழுந்தது. மேல் தாழ்ப்பாளும்.

அவள் சுவரோடு சாய்ந்தாள். பஸ்ஸை நினைத்துப் பார்த்தாள். ஜன்னலோரம். மடியில் பை. பெரிதாக ஒரு குலுக்கல். யாரோ அலறினார்கள்.

அதற்கு அப்புறம்?

இந்தப் படிக்கட்டு.

நடுவில் ஒன்றும் இல்லை. இறங்கியது இல்லை. நடந்தது இல்லை. மடியைத் தடவினாள். பையும் இல்லை.

கீழே சத்தம்.

ஒரு காலடி. பிறகு ஒரு இழுப்பு. மறுபடி காலடி. மறுபடி இழுப்பு. சுவரில் கை உரசும் ஓசை. இரும்பு மாதிரி ஒரு வாடை மேலே ஏறி வந்தது.

திருப்பத்தில் முதலில் கை தெரிந்தது. பிறகு பை. வார் அறுந்திருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை ரத்தம். அதற்குள்ளே அவள் முகம்.

"தள்ளு," என்றது அந்த முகம். அழுதுகொண்டே. "எங்க வீடு அது. அம்மாவைக் கூப்பிடு. வலிக்குது."

இன்னும் ஒரு படி ஏறியது.

இவள் இரண்டு கைகளையும் அகல விரித்து, முதுகைக் கதவோடு ஒட்டி, வழியை மறைத்து நின்றாள்.