சொல்லிக்கொள்ளாத தீவு

கிணற்றிலிருந்து தண்ணீரோடு திரும்புகிறவன் "வந்துட்டேன்" என்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கீழே வைப்பான். "வர்றேன்டா" என்று சொல்லமாட்டான். அது போகிறவன் சொல்வது. அய்யாவு இவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினான், இரண்டு முறை படித்தான், பிறகு ஒரே கோடாக அடித்துவிட்டான். நடந்ததை மட்டும் திரும்ப எழுதினான். தீவில் முதல் நாள், மூன்று இருபதுக்கு யூஜின் குடிசை வாசலில் நின்று "வர்றேன்டா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் போனான். மூன்று ஐம்பதுக்குத் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து, அதே குரலில், விடைபெறுகிறவனுடைய அதே இழுப்போடு, "வர்றேன்டா" என்று கேட்டது.

அதற்கப்புறம்தான் யூஜின் வந்தான். தோளில் காவடிபோல் கம்பு, இரண்டு பக்கமும் வாளிகள், நழுவாமலிருக்கத் துண்டின் நுனியைப் பல்லில் கடித்திருந்தான்.

"எதுக்குடா ரெண்டு தடவ சொல்றே?"

யூஜின் துண்டைத் துப்பினான். "என்ன சொன்னேன்?"

"வர்றேன்னு. இப்ப. அங்கருந்து."

"அலமாக்! வாயில துண்டக் கடிச்சிக்கிட்டு எப்படிலா பேசுறது? காய்ச்சல் எனக்கா உனக்கா?"

சிரித்ததில் இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து, கடைசியில் ஒரு சீழ்க்கையோடு முடிகிற இருமல். இரண்டு மாத மலேரியா விட்டுவிட்டுப் போன சொத்து அது. அய்யாவு அதையும் எழுதிக்கொண்டான்.

எழுதுவது அவனுக்குப் புதுப் பழக்கம். பகலில் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் எடுபிடி. மாலையில் கடைத்தெரு மாடியில் மனோகரன் மாஸ்டரின் வகுப்பு. தினமும் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார் மாஸ்டர். முதலில் நேரம், அடுத்து கண் பார்த்தது, அடுத்து காது கேட்டது. நினைத்தது வேண்டாம், நினைப்பு பொய் சொல்லும் என்பார். அய்யாவுக்கு அது பிடித்திருந்தது. தன் நினைப்பின்மேல் அவனுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

யூஜின் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸர். கடற்காற்றில் நாலு நாள் இருந்தால் நெஞ்சு தெளியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடற்கரை ஊரான மெர்சிங்கில் கொப்பரை வாங்கி விற்கும் ஒருவர் தன் தீவுக் குடிசையைக் கொடுத்தார். யூஜினின் அம்மா அந்தோணியம்மாள் லாபிஸ் ஸ்டேஷன்வரை வந்து, மகனை விட்டுவிட்டு அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். புருஷன் இல்லை, யூஜின் ஒரே பிள்ளை.

"அவன் சிரிச்சே காரியத்தக் கெடுப்பான். நீதான் தம்பி நிதானமான புள்ள. கூட்டிட்டுப் போன மாதிரியே கூட்டிட்டு வந்துடு."

"சரிம்மா" என்றான் அய்யாவு. அதுதான் அவன் ஏற்றுக்கொண்ட வேலை.

மெர்சிங்கிலிருந்து ஏற்றிவந்த படகுக்காரர் பாக் சாமான் அதிகம் பேசவில்லை. மூட்டைகளை இறக்கியபின் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஒன்றே ஒன்று சொன்னார். இந்தத் தீவில் போவதானால் போய்விட வேண்டும். போகிறேன் என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. தா போலே. கூடவே கூடாது. விடைபெறும் சொல்லை இங்கே இருப்பது எடுத்துக்கொள்ளும் என்றார். இருப்பது எது என்று யூஜின் மலாயில் கேட்டான். அவர் படகில் ஏறினார். படகு திரும்பியதும் யூஜின் கையைத் தூக்கி, "வர்றோம் பாக்!" என்று தமிழில் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பாத்தியா, நம்ம வாய் நிக்காதுலா."

நிற்காதுதான். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையில்லை. 'போறேன்' என்பது அபசகுனம். அதனால் போகும்போதெல்லாம் வருகிறேன் என்றே சொல்லிப் பழகிய வாய். அய்யாவின் அப்பா ஒருநாள் காலை ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பதினோரு வருஷமாகிறது.

இரண்டாம் நாள் வெயில் வெள்ளையாக எரிந்தது. கடல் பின்வாங்கி, பாறைத் திட்டுகள் பழுப்பாகத் தலைநீட்டி, அவற்றின் பாசி காய்கிற உப்பு வீச்சமும் குடிசையின் மூங்கில் தட்டுகளில் ஊறிய பழைய கொப்பரையின் சிக்கு வாடையும் ஒன்றுகலந்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் எண்ணெய்போல் படிந்தன. அத்தாப்பு ஓலைக் கூரைக்குள் பல்லி ஒன்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தீவில் பறவை இல்லை என்பதை அய்யாவு அன்றுதான் கவனித்தான். பத்து நாற்பது, பன்னிரண்டு ஐந்து, ஒன்று முப்பது. மூன்று முறை அந்தக் குரல் கேட்டது. மூன்று முறையும் யூஜின் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது முறை யூஜினுக்கும் கேட்டது. அவன் சிரிக்கவில்லை.

"என் குரல்டா அது."

"எதிரொலியா இருக்கும்."

"நான் இப்ப எதுவும் சொல்லலியே."

அன்றிலிருந்து யூஜின் எங்கே போனாலும் வாய் திறக்காமல் எழுந்துபோனான். போய், வாய் திறக்காமல் திரும்பி வந்தான். அது சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் முதுகு தென்னைகளுக்கிடையில் மறையும்போது அய்யாவு எழுந்து வாசல்வரை போய் நின்றான்.

மூன்றாம் நாள். மாலை நாலு பத்து. தண்ணீர்ப் பக்கம் போகும்போதெல்லாம் செய்வதுபோல, யூஜின் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அய்யாவிடம் கொடுத்தான். நோயாளிகளுக்கு நாடி பார்ப்பதற்கென்று வாங்கிய, வினாடி முள் உள்ள கடிகாரம். நண்டு பிடிக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு பாறைத் திட்டுப் பக்கம் நடந்தான். பேசவில்லை. பத்தடி. இருபதடி. வெள்ளைப் பனியன் சிறுத்துக்கொண்டே போனது.

அய்யாவால் முடியவில்லை.

"டேய்! சொல்லாமப் போறியேடா!"

யூஜின் நின்றான். திரும்பினான். அவன் முகத்தில் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்ததை அய்யாவு பார்த்தான்.

"நீயே கேட்டு வாங்குறே பாரு. வர்றேன்டா! போதுமா?"

பாறைகளுக்கு அந்தப் பக்கம் இறங்கினான்.

ஐந்து மணி. ஐந்து இருபது. கடல் ஏற ஆரம்பித்தது. அய்யாவு பாறைவரை போய்க் கூப்பிட்டான். இருமல் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்டான். அலை மட்டும்தான். ஆறு மணிக்கு, அவன் திரும்பி வரும்போது, யூஜின் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தான். பாறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரே வழியில் அய்யாவுதான் நின்றுகொண்டிருந்தான்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எந்தப் பக்கமாடா வந்தே?"

"வர்றேன்டா" என்றான் யூஜின்.

கோபமாயிருக்கிறான் என்று நினைத்தான் அய்யாவு. கேட்டு வாங்கியதைத் திருப்பித் தருகிறான். சோறு வைத்தான். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு கொடுத்தான். வாங்கவில்லை. விளக்கை ஏற்றியபோதும் தலை சொட்டிக்கொண்டுதான் இருந்தது. தரை மூங்கிலின் இடுக்குகள் வழியாக, கீழே மணலில், ஒரே சீராக, சொட்டு சொட்டாக. படுத்தபிறகும் அய்யாவு அதை எண்ணிக்கொண்டிருந்தான். அந்த இரவு முழுக்க யாரும் இருமவில்லை.

நெஞ்சு தெளிந்துவிட்டது போலிருக்கிறது. அப்படித்தான் நோட்டில் எழுதினான். நினைப்பை எழுதக்கூடாது என்பது ஞாபகம் வந்து அடித்தான்.

பயம் வரவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. மேலே படுத்துத் தூங்கிய கைபோல மரத்துக் கிடந்தது உள்ளே எல்லாம்.

நாலாம் நாள் காலை ஏழு ஐந்துக்குப் படகு வந்தது. யூஜின் முந்தியே தண்ணீரில் இறங்கி, ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டான். பாக் சாமான் அவனைப் பார்த்தார். பிறகு கரை மணலைப் பார்த்தார்.

"பெராப்பா ஓராங்?"

எத்தனை பேர் என்கிறார். அவர்தானே இரண்டு பேரைக் கொண்டுவந்து விட்டார்?

"டுவா" என்றான் அய்யாவு. இரண்டு.

மூட்டையை ஏற்றித் தானும் ஏறினான். படகு மணலை விட்டு எழும்பியது. அப்போதுதான் பாறைத் திட்டுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்தது. இந்தமுறை இழுப்பு இல்லை. கரகரத்து, உடைந்து, ஈரத்தில் தோய்ந்து.

"அய்யாவு! இருடா! வர்றேன்டா!"

எதிரில் யூஜின் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஜாங்ஙான் சாஹுட்!" பதில் கொடுக்காதே என்று பாக் சாமான் துடுப்பை ஊன்றித் தள்ளினார். கரையில் கத்துவதுதான் அந்தப் பொருள், படகில் இருப்பது பையன். அவர் கணக்கு அது. அய்யாவும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டான். தனக்கென்று ஒரு கணக்கு அவனிடம் இல்லை. கூட்டிப்போனது ஒருவனை. படகில் இருப்பது ஒருவன். சரியாயிருக்கிறது.

"இருடா!"

கூடவே ஒரு சத்தம். அடியிலிருந்து இழுத்து, சீழ்க்கையில் முடிந்தது. அலையாக இருக்கும்.

அய்யாவின் வாய் தானாகத் திறந்தது. கிளம்புகிறோம், ஒருவன் கூப்பிடுகிறான், சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது?

"வர்றேன்டா" என்றான், கரையைப் பார்த்து.

படகு ஒரு விரல் அளவு தாழ்ந்தது. பாக் சாமான் கண்ணை மூடித் திறந்தார். அதன்பிறகு மெர்சிங்வரை அவர் யாரையும் பார்க்கவில்லை. துடுப்பு கனத்ததுபோல் இழுத்து இழுத்துப் போட்டார்.

பாதிக் கடலில் அய்யாவு யூஜினின் மணிக்கட்டைப் பிடித்தான். நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்ததே யூஜின்தான். மூன்று விரல், பெருவிரல் பக்கம், அழுத்தாமல். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் வைத்திருந்தான். இடத்தை மாற்றி இன்னொரு நிமிஷம். பிறகு எழுதினான்: 'நாடி. எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை.'

குளுவாங்கில் ரயில் ஏறினார்கள். பெட்டியில் கூட்டமில்லை. யூஜின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிர்ப் பலகை காலியாக இருந்தது. அதன் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம், காயவேயில்லை. அய்யாவு நோட்டைப் புரட்டி, காது கேட்டவற்றை மட்டும் முதலிலிருந்து படித்தான். வர்றேன்டா. வர்றேன்டா. வர்றேன்டா. அந்தத் தீவில் அது வேறு ஒரு சொல்லும் சொன்னதில்லை. எடுத்துக்கொண்ட சொல் அது ஒன்றுதான். அதற்கு அய்யாவு என்ற பெயர் தெரியாது. அதற்கு 'இருடா' தெரியாது.

அது இருமாது.

லாபிஸ் வர இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருந்தது. அய்யாவு பென்சிலைச் சட்டைப் பையில் செருகினான். நோட்டை மூடி முழங்கால்மேல் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். ஜன்னலில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போயின. அவன் எண்ணவில்லை.

அந்தோணியம்மாள் விளக்கு வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். மகனைக் கண்டதும் ஓடிவந்து கன்னத்தைத் தொட்டார். கை சட்டென்று பின்வாங்கி, மறுபடியும் தொட்டது.

"என்னப்பா இப்படிச் சில்லுன்னு இருக்கே? வந்துட்டியா ராசா?"

"வர்றேன்டா" என்றான் யூஜின்.

"அம்மாவுக்கே டா போடுறியா? கடற்காத்து வாங்கிக் கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு!" அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டே அய்யாவு. நீ நல்லா இருக்கணும். உள்ள வா, சாப்பிடு."

சொல்லவேண்டியது எல்லாம் அவன் கையிலிருந்த நோட்டில் இருந்தது. அதை அவன் திறக்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அவன் படியிலேயே நின்றான். அவர் யூஜினை உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தார்.

கிளம்ப வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது. அய்யாவு உதடுகளைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு படி. இரண்டு. மண்.

"சொல்லிக்காமலே போறியே தம்பி?" உள்ளிருந்து அவர் கேட்டார்.

அவன் வாய் திறக்கவில்லை. ரத்தம் உப்புக் கரித்தது.

"வர்றேன்டா."

அவனுடைய குரல். வீட்டுக்குள்ளிருந்து.

"பாருடா, நீயும் ஆரம்பிச்சிட்டியா!" அந்தோணியம்மாள் சிரிப்பது கேட்டது. "எப்ப உள்ள வந்தே? பின்கட்டு வழியாவா? ஐயோ, நீயும் இப்படி நனைஞ்சு போயிருக்கியே. உட்காரு, உட்காரு."

ஜன்னல் திறந்திருந்தது. கொப்பரைச் சிக்கு வாடை. பாயில் யூஜினின் முதுகு. அதன் பக்கத்தில் இன்னொரு முதுகு. அய்யாவு போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை, முதுகோடு ஒட்டி. தலை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தோணியம்மாள் யூஜினின் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தட்டை வைத்து, குனிந்து, சோறு போட ஆரம்பித்தார்.