கண் எழுதிய தகடு

பஞ்சில் இரண்டு கறுப்புக் கறைகள் இருந்தன. தூசியென்றால் பழுப்பாகப் பஞ்சு முழுக்கப் பரவியிருக்கும். இவை மிளகளவில், பக்கத்துப் பக்கத்தில், அளந்து வைத்ததுபோல் இருந்தன. ஜான்சி அந்தப் பஞ்சைக் குப்பைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, துடைத்த கண்ணாடித் தகட்டை மறுபடியும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள்.

சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்தத் தனியார் நூலகம். 2012 ஐப்பசி மாதம். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவின் முந்நூறு கண்ணாடி நெகட்டிவ்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து, துடைத்து, திரும்ப ஒருமுறை ஸ்கேன் செய்து, எண் போட்டு வைப்பது ஜான்சியின் வேலை. ஊரின் பழைய முகமே இதில்தான் இருக்கிறது என்று நூலகத் தலைவர் ஞானசேகரன் மேடைக்கு மேடை உருகுவார். வேலை செய்கிறவளிடம் மட்டும் உருக்கம் கிடையாது. "ஒரு தகட்டுல கீறல் வுழுந்தாலும் அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன், தெரிஞ்சிக்க" என்பார். அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் அவர்தான் சொல்லியிருந்தார்.

கண்ணாடிப் பக்கத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். படம் பதிந்திருக்கிற, மருந்து பூசிய பக்கத்தைத் தூரிகையால் தட்டத்தான் வேண்டும். ஸ்பிரிட் படவே கூடாது. இது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் செம்மங்குப்பத்து வீட்டிலிருந்து மகள் இளமதி போனில் மூன்றாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக் குரலைக் காதில் இடுக்கிக்கொண்டு துடைத்ததில் பக்கம் மாறிப்போயிற்று. யாருக்கும் நடக்கிற தவறுதான்.

துடைப்பதற்கு முன் எடுத்த முதல் ஸ்கேனைத் திரையில் எடுத்தாள். உயர்ந்த சாய்வு நாற்காலியில் ஒரு பெண், தனியாக. தலை நிறையப் பூ, கழுத்தில் மாலை, நேராகப் பார்க்கிற பெரிய கண்கள். துடைத்த தகட்டை இன்னொரு முறை ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்தாள். அதே பெண், அதே மாலை. கண்கள் மூடியிருந்தன.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மாலைக்கு அடியில் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய கயிறு. தாடையைத் தாங்கிய வெள்ளைத் துணி. சேலைக்குக் கீழே, கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

ஸ்டுடியோக்காரரின் மகன் சிங்காரத்துக்குப் போன் போட்டாள். தகடுகளைக் கொடுத்தவர் அவர்தான். நாற்காலியில் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? செத்தவங்கம்மா அது," என்றார் அவர், சாவகாசமாக. "அந்தக் காலத்துல உசுரோட இருக்கறப்ப யாரு படம் புடிச்சிக்கினாங்க? செத்தப்புறம் உக்கார வச்சி எடுப்பாங்க. எங்கப்பா தகட்டு மேல பென்சிலும் மையும் வச்சி கண்ணு எழுதிக் குடுப்பாரு. கண்ணு மூடுன படத்த யாரும் வூட்ல மாட்ட மாட்டாங்க."

"ஏன் சார்?"

"செத்தது கண்ணத் தேடும்னுவாங்க. வுடும்மா, பழைய பேச்சு. ஏன், அழிஞ்சி கிழிஞ்சி போச்சா?"

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்," என்றாள் ஜான்சி. அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

மணி நாலரை. ஞானசேகரன் கடலூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆறு மணிவரை அவள் மட்டும்தான். நாளுக்குப் பத்து மணி நேரம் மின்சாரம் போகிற காலம் அது. இன்வெர்ட்டரில் கணினியும் விளக்குப் பெட்டியும் மட்டும் ஓட, அலமாரிகளுக்கு இடையிலிருந்த சந்துகள் மழை இருட்டில் கிணறுபோல் கிடந்தன. ஸ்பிரிட் நெடியைத் தாண்டி வேறொரு வாடை வந்தது: ஊதுவத்தி, ரோஸ் வாட்டர், இரண்டு நாள் ஆன மாலை வாடினால் வருகிற அந்த இனிப்பு. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருந்தது.

ஒருவேளை ஸ்கேனர் கோளாறாக இருக்கலாமென்று மூன்றாவது முறை ஸ்கேன் செய்தாள். மூடிய கண்களோடு இருந்த அந்த முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சத்தம் வந்த திசைக்குக் காது கொடுக்கிற சாய்வு. நாலாவது ஸ்கேனில் வலது கை நாற்காலியின் கையை விட்டு எழும்பி, விரல்களை விரித்துக்கொண்டு, காற்றைத் துழாவியது.

அப்போதுதான் கடைசி வரிசையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

மரப்பலகையில் விரல் நுனிகள். தட், தட். கொஞ்சம் நிறுத்தி, அடுத்த பலகை. கண் தெரியாதவர்கள் பழக்கமில்லாத வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்களே, அந்த நிதானம். ஒவ்வொரு அலமாரியும் முடிகிற இடத்தில் சத்தம் நின்றது. வெறும் தரையில் ஏதோ குதித்தது. இரண்டு காலும் சேர்ந்து, ஒரே குதி. பிறகு மறுபடியும் விரல்கள்.

வாசல் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள். சத்தம் நின்றது. கேட்கிறது என்று புரிந்தது. அவள் மூச்சைத்தான் கேட்கிறது.

கண்தானே வேண்டும். எழுதிக் கொடுத்துவிடலாம்.

பென்சிலை எடுத்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை விழவேண்டிய இடத்தில் கறுப்பைத் தீட்ட வேண்டும். அவளுக்குக் கோலம் போட வரும், பூத்தையல் வரும், கண் எழுத வராது. எதையாவது பார்த்துத்தான் எழுத முடியும். பர்ஸில் இளமதியின் ஸ்கூல் போட்டோ இருந்தது. அதை ஸ்கேன் செய்து, நெகட்டிவாக்கி, திரை நிறைய பெரிதாக்கி வைத்தாள். இடது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம். அதையும் விடவில்லை.

தட், தட். இரும்பு ரேக். நாலடி தூரம்.

வலது கண் முடிந்தது. தட். மேஜை விளிம்பு. குளிர்ந்த ரோஸ் வாட்டர் வாடை கழுத்தில் பட்டது. திரும்பவில்லை. இடது கண். இமை. மச்சம்.

நின்றது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தகட்டை ஸ்கேனரில் வைத்தாள். பழைய ஆர்டிஸ்ட்டே எழுதினதுபோல் இரண்டு கண்களும் பளிச்சென்று அவளைப் பார்த்தன. நன்றாக வந்துவிட்டது, ஞானசேகரன் பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். பெருமைகூடப் பட்டாள், பாவி. சேமிப்பதற்காக ஒருமுறை கூடுதல் தரத்தில் ஸ்கேன் செய்தாள். படம் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. நாற்காலியின் சாய்வு. கழற்றிப் போட்ட கயிறு. நாற்காலி காலியாக இருந்தது.

போன் அடித்தது. சிங்காரம்.

"ஏம்மா, ஒன்னு சொல்ல வுட்டுப்போச்சு. ஒருவேள அழிஞ்சிருந்தா நீயா எழுதப் பாக்காத. எங்கப்பா உசுரோட இருக்கறவங்க கண்ணப் பாத்து எழுதவே மாட்டாரு. மனசுலேருந்துதான் எழுதுவாரு. அதுல ரொம்ப பயம் அவருக்கு."

ஜான்சி மேஜையிலிருந்த இளமதியின் போட்டோவைக் கையில் எடுத்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?" அவர் குரல் இறங்கியது. "யாரப் பாத்து எழுதுன?"

அவள் நூலகத்தைப் பூட்டவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஓடி, பஸ் ஸ்டாண்டில் நகர்ந்துகொண்டிருந்த கடலூர் பஸ்ஸில் தொற்றி ஏறினாள். வீட்டு எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெயருக்குத்தான் ஒரு மணி நேரம், அந்தச் சாலை முடிவதாகவே இல்லை. கர்த்தரே, என் கண்ணை எடுத்துக்கொள்ளும், என் பிள்ளையை விட்டுவிடும் என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

செம்மங்குப்பத்தில் இறங்கினபோது ஏழு மணி தாண்டிவிட்டது. மருந்துக் கம்பெனிகளின் வாடை மழையில் அமுங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அமராவதி வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி இப்பிடி ஓடியார? கொழந்த உள்ளதான் எழுதிக்கினு இருக்கு. கரண்டு வந்து அர மணி ஆவுது. அதுக்கு முன்னாடியே சோறு வடிக்க நான் இப்பிடி வந்துட்டேன்."

ஜான்சி கதவைத் தள்ளினாள். டியூப் லைட் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது. தரையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் கையில் பிடித்தபடி, ஒரு எழுத்தும் எழுதாமல் இளமதி உட்கார்ந்திருந்தாள்.

"மதி."

குழந்தை முகத்தைத் திருப்பியது. கண்கள் மூடியிருந்தன. தூக்கத்தில் மூடுகிற மூடல் இல்லை. இமையில் ஒரு அசைவு இல்லை.

"கண்ணத் தொறடி செல்லம். அம்மாவப் பாரு."

"தொறந்துதாம்மா இருக்கேன்," என்றாள் இளமதி. அவள் குரலில் பயமே இல்லை. லேசான சலிப்புதான். பளீரென்ற அந்த வெளிச்சத்தில் அம்மாவின் குரலைத் தேடி முகத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

"கரண்டு எப்பம்மா வரும்?"